குறைந்த விலை செமி-ஹாலோ கிட்டார்: கடையில் கிடைக்கும் அரைமணி நேரம்

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இது: இரண்டு வருடமாகச் சாலிட்-பாடி, அதாவது உள்ளே வெற்றிடம் இல்லாத முழு மர உடல் கொண்ட எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறீர்கள். ப்ளூஸ் பிடிக்கும், ஜாஸ் கார்டுகள் இப்போதுதான் கைக்கு வருகின்றன, நண்பர்களோடு சேர்ந்தால் ராக்கும் உண்டு. கடையில் குறைந்த விலையில் ஒரு செமி-ஹாலோ (உடலில் பாதி வெற்றிடமாக இருக்கும் எலக்ட்ரிக் கிட்டார்) கண்ணில் பட்டுவிட்டது, வாசித்துப் பார்க்கவும் விடுகிறார்கள். எதைப் பார்க்க வேண்டும், இந்த விலையில் வாங்கினால் ஏமாந்துபோவேனா? இதில் உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது "நல்லது" அல்லது "வேண்டாம்" என்ற ஒற்றைச் சொல் இல்லை என்று நினைக்கிறேன். குறைந்த விலைக் கிட்டாரில் குறை இருக்கத்தான் செய்யும். கண்ணில் படும் குறைகளில் எது வீட்டுக்கு வந்தபின் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு தீர்ந்துபோகும், எது கடைசி வரை உங்கள் உயிரை எடுக்கும் என்று பிரிக்கத் தெரிய வேண்டும். அதைத்தான் எழுதப்போகிறேன்.

நான் இருபது வருடத்துக்கு மேல் வாசிக்கிறேன், அதில் பாதிக் காலம் மற்றவர்களுடைய கிட்டார்களுக்கு செட்டப், அதாவது கம்பி உயரம், நெக் வளைவு போன்றவற்றைச் சரிசெய்யும் வேலை, செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் நீங்கள் பார்த்த அந்த ஒரு கிட்டாரை நான் தொட்டதில்லை. இந்த விலையில் ஒரே மாடலில், ஒரே நிறத்தில் அடுத்தடுத்து மாட்டியிருக்கும் இரண்டு கிட்டார்கள் அக்கா தங்கை மாதிரி கூட இருக்காது. அதனால் மாடலின் பேரைச் சொல்லி வாங்கு, வாங்காதே என்று யார் சொன்னாலும் பாதிதான் நம்ப வேண்டும், என்னையும் சேர்த்து.

முதலில் கையில் இருப்பது என்ன வகை என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வயலின் போல எஃப் வடிவத் துளை இருந்தாலே செமி-ஹாலோ என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இந்த வகைக்கு அச்சாக நிற்பது கிப்ஸன் 1958இல் கொண்டுவந்த ஈஎஸ்-335. பார்ப்பதற்கு மெலிந்த ஜாஸ் கிட்டார் போல இருக்கும், இரண்டு பக்கமும் உள்ளே வெற்றிடம்தான். ஆனால் கழுத்துப் பகுதியான நெக் சேரும் இடத்திலிருந்து அடிப்பகுதி வரை நடுவில் ஒரு முழுக் கட்டை ஓடும். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜும், கம்பிகளைப் பிடித்திருக்கும் டெயில்பீஸும், கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்அப்களும் அந்தக் கட்டையின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940ஐ ஒட்டிய வருடங்களில் ஒரு மரத்துண்டில் கம்பி கட்டி, பார்வைக்குக் கிட்டார் போல இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் பழைய கிட்டாரின் பாதிகளை ஒட்டி வாசித்தாரே, அந்த யோசனைக்குத் தம்பி முறை இது. கம்பியின் அதிர்வு கட்டையில் ஊன்றி நிற்பதால் சுரம் நீண்டு ஒலிக்கும், ஆம்ப் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) முன்னால் நின்றால் ஊளையிடுவதும் குறையும். பக்கவாட்டு வெற்றிடம் தன் பங்குக்கு அதில் கொஞ்சம் காற்றுச் சேர்க்கும்.

அந்தக் கட்டை இல்லாத கிட்டாரும் வெளியே அதே முகத்தோடுதான் இருக்கும். 1961இல் வந்த எபிஃபோன் கசினோ நல்ல உதாரணம். பீட்டில்ஸில் மூன்று பேர் கையிலும் இருந்த கிட்டார் அது. 335க்கு இரட்டைப் பிறவி போலத் தெரியும், ஆனால் உள்ளே முழுக்க வெற்றிடம். வாசிக்க அருமையாக இருக்கும், ஆனால் டிரைவை, அதாவது ராக்குக்கான கரகரப்பை, கூட்டினால் கட்டுப்படுத்துவது பெரும்பாடு. இன்னொரு பக்கம் 1968இல் வந்த ஃபெண்டர் டெலிகாஸ்டர் தின்லைன் இருக்கிறது. அது சாலிட் மரத்தையே உள்ளே குடைந்து செய்தது. எஃப் துளை அதிலும் உண்டு, குணம் மூன்றாவது வகை. ஆகவே கடையில் முதல் வேலை, கைபேசி டார்ச்சை அடித்து எஃப் துளைக்குள் எட்டிப் பார்ப்பது. நடுவில் சுவர் போல மரம் தெரிய வேண்டும். அது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போகிறதா, இல்லை பிரிட்ஜுக்குக் கீழே மட்டும் ஒரு துண்டு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். குறைந்த விலையில் இரண்டும் உண்டு. துண்டு வைத்தது மட்டம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது ஹாலோ பக்கம் சாயும் என்று தெரிந்து வாங்க வேண்டும். டார்ச் வெளிச்சத்திலேயே பசை வழிந்து காய்ந்திருப்பது, மரத்தூள் ஒட்டியிருப்பது எல்லாம் தெரியும். அது அழகுக் குறை, விட்டுவிடலாம். ஒட்டு விட்டு வாய் பிளந்து நிற்கும் மரப்பட்டை தெரிந்தால் மட்டும் அந்தக் கிட்டாரைத் திரும்ப மாட்டிவிடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு வீண் பயத்தையும் நீக்கிவிடுகிறேன். "இது பிளைவுட்தானே, விலை குறைந்ததால் ஏமாற்றிவிட்டார்கள்" என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 1958இன் ஈஎஸ்-335உம் ஒட்டுப்பலகைதான். மேப்பிள், நடுவில் பாப்லர், மறுபடி மேப்பிள் என்று ஒட்டி அச்சில் அழுத்தி வளைத்தது. அகூஸ்டிக் கிட்டாரில் முழு மரத்துக்கும் ஒட்டுமரத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு, ஏனென்றால் அங்கே மேல்பலகைதான் ஒலியை உண்டாக்குகிறது. இங்கே ஒலியை எடுப்பது பிக்அப். ஒட்டுப்பலகை விறைப்பாக இருப்பது ஊளையைக் குறைக்க உதவவும் செய்கிறது. உங்கள் நண்பரிடம் அதைப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது கிட்டாரை எடுங்கள், ஆம்ப்பில் சொருகாதீர்கள். பத்து நிமிடம் வெறுமனே வாசியுங்கள். செமி-ஹாலோவில் கிடைக்கும் வசதி இது. சாலிட்-பாடியைவிடச் சற்றே சத்தமாகப் பேசும் என்பதால் எங்கே என்ன கோளாறு என்று ஆம்ப் இல்லாமலே தெரிந்துவிடும். தடித்த ஆறாவது கம்பியில் திறந்த கம்பியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு ஃப்ரெட்டாக (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) ஏறுங்கள். ஏதாவது ஒரு சுரத்தில் மட்டும் "ஸ்ஸ்" என்று ஏதோ கூடவே நடுங்கும். பயந்துவிட வேண்டாம். இடது கை அந்தச் சுரத்தைப் பிடித்திருக்க, வலது கையால் மீட்டிவிட்டு உடனே சந்தேகமான இடங்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பாருங்கள்: பிக்கார்டு (பாடியைக் கீறலிலிருந்து காக்கும் தகடு), வால்யூம் குமிழ்களின் அடியில் உள்ள நட், சுருதி கூட்டும் கீகளின் வளையம், பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சேடில்கள் விழாமல் இருக்க ஓடும் மெல்லிய கம்பி, பிக்அப் வளையத்தின் ஸ்க்ரூ. பத்தில் எட்டு முறை நடுக்கம் இங்கேதான் இருக்கும், ஒரு திருகில் நிற்கும். எல்லா இடத்தையும் அழுத்தியும் நிற்காமல் சத்தம் பெட்டிக்குள்ளிருந்து வந்தால், அது உள்ளே ஒட்டு விட்ட பலகையாகவோ ஆடிக்கொண்டிருக்கும் ஒயராகவோ இருக்கலாம். ஒயர் என்றால் சின்ன விஷயம், பலகை என்றால் இல்லை. வெளியிலிருந்து இரண்டையும் பிரித்துச் சொல்வது எனக்கே கஷ்டம். வேறு பீஸ் இருந்தால் அதை எடுத்துவிடுவேன்.

அடுத்து நெக். என்னைக் கேட்டால் முழுச் சோதனையில் பாதி நேரத்தை இதற்குக் கொடுக்கலாம், காரணம் எளிது. சாலிட்-பாடிகளில் பலவற்றுக்கு நெக் நாலு ஸ்க்ரூவில் நிற்கிறது. கோணம் சரியில்லை என்றால் கழற்றி, இடையில் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யலாம். செமி-ஹாலோக்களில் பெரும்பாலும் நெக் பசையால் ஒட்டப்பட்டது. கோணம் தவறினால் அதைக் கழற்றி மறுபடி ஒட்டும் செலவு இந்தக் கிட்டாரின் விலையையே தாண்டிவிடும். அதைக் கண்டுபிடிக்க அளவுகோல்கூட வேண்டாம். பிரிட்ஜைப் பாருங்கள். இரண்டு பக்கத் திருகிலும் மேலே போகவும் கீழே இறங்கவும் இடம் இருக்கிறதா? பிரிட்ஜ் பாடியைத் தொடும் அளவுக்கு இறங்கிக் கிடந்தும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பி உயரமாகவே இருக்கிறது என்றால் நெக் கோணம் போதவில்லை என்று அர்த்தம். நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். இன்டொனேஷனுக்கும், அதாவது நெக் நெடுகச் சுருதி சரியாக நிற்பதற்கும், இதே தர்க்கம்தான். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) அழுத்திப் பிடித்த சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் கவலை இல்லை, சேடிலை நகர்த்திச் சரிசெய்வார்கள். ஆனால் அந்தச் சேடில் ஏற்கனவே கோடிக்குப் போய் முட்டி நின்றுகொண்டிருந்தால், பிரிட்ஜையே தவறான இடத்தில் துளைத்திருக்கலாம். பழைய கம்பியும் இப்படிப் பொய் சொல்லும் என்பதால் இதில் மட்டும் தீர்ப்பை ஒத்திவைத்து, புதுக் கம்பி போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

நெக்கின் வளைவைப் பார்க்க ஒரு கையால் முதல் ஃப்ரெட்டையும் இன்னொரு கையால் பதினாறாவது ஃப்ரெட்டையும் ஆறாவது கம்பியில் அழுத்துங்கள். நடுவில், ஏழு எட்டாவது ஃப்ரெட் பக்கம், கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் போதும், அதாவது 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர். அதிகமாக இருந்தாலோ இல்லவே இல்லை என்றாலோ நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைத் திருப்பிச் சரிசெய்யலாம். ராடு உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று கடைக்காரரை ஒரு கால் சுற்றுத் திருப்பிக் காட்டச் சொல்வதில் தப்பில்லை. நீங்களாகத் திருப்பாதீர்கள். கீகள் இருக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் நெக்கின் நீளத்தைப் பார்த்தால் முறுக்கு இருக்கிறதா என்று தெரியும். வளைவுக்கு மருந்து உண்டு, முறுக்குக்குக் கிடையாது.

கம்பி உயரம், அதாவது ஆக்‌ஷன், கடையில் பெரும்பாலும் மோசமாகத்தான் இருக்கும். அதை வைத்துக் கிட்டாரை எடைபோடாதீர்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் மெல்லிய கம்பிக்கு 1.6, தடித்த கம்பிக்கு 2 மில்லிமீட்டர் என்பது பலருக்கும் பொருந்தும் அளவு. அங்கே கொண்டுவர முடியுமா என்பதுதான் கேள்வி. அதற்கு ஃப்ரெட்கள் ஒரே சமமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் தொட்டு வாசியுங்கள், பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு முதல் இரண்டு கம்பிகளில் பன்னிரண்டுக்கு மேலே முழு பெண்ட் (கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றுவது) செய்யுங்கள். பாதியில் சுரம் செத்துப்போனால் மேலே ஏதோ ஒரு ஃப்ரெட் எழும்பியிருக்கிறது. ஒன்றிரண்டு என்றால் தட்டி அமர்த்தலாம், நெடுக இருந்தால் முழு ஃப்ரெட் வேலை தேவைப்படும். விலையோடு அதையும் கூட்டிக் கணக்குப் போடுங்கள். உள்ளங்கையை நெக்கின் ஓரமாக ஓட்டும்போது ஃப்ரெட் முனைகள் ரம்பம் போல உரசினால், மரம் உலர்ந்து சுருங்கியிருக்கிறது. அரம் போட்டால் தீரும். எரிச்சலூட்டும், ஆனால் பெரிய குறை இல்லை.

நெக்கின் தலைப்பக்கத்தில், கம்பிகள் பள்ளங்களில் உட்காரும் சிறு துண்டுக்கும் நட் என்றுதான் பேர், அதைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்றாவது, நான்காவது கம்பிகளை மெதுவாக ட்யூன் செய்யும்போது "டிக்" என்று ஒரு சத்தத்தோடு சுருதி தாவினால் நட் பள்ளத்தில் கம்பி சிக்குகிறது. இந்தக் கிட்டார்களின் ஹெட்ஸ்டாக்கில் பக்கத்துக்கு மூன்று கீ என்பதால் நடுக் கம்பிகள் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் திரும்பிப் போகின்றன, அங்கேதான் சிக்கல். வாங்கினவர்கள் கீ மட்டம் என்று திட்டிக் கீயை மாற்றுவார்கள், சுருதி அப்படியேதான் ஓடும். பள்ளத்தை இழைத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதையும் தாண்டினால் நட்டையே மாற்றலாம், அதிகச் செலவு கிடையாது.

இனி சொல்லப்போவதைத்தான் இந்தப் பதிலில் மறக்காமல் நினைவில் வைக்க வேண்டும். சாலிட்-பாடி வாங்கும்போது "எலக்ட்ரானிக்ஸ் கொஞ்சம் மட்டம்தான், பரவாயில்லை, பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லி வாங்குவோம். அங்கே அது நியாயம். பின்னால் ஒரு மூடியைக் கழற்றினால் எல்லாம் கண்முன்னால் இருக்கும். செமி-ஹாலோவில் பல மாடல்களுக்குப் பின்மூடியே கிடையாது. வால்யூம், டோன், ஸ்விட்ச், கேபிள் சொருகும் ஜாக் எல்லாம் எஃப் துளை வழியாகத்தான் உள்ளே போயிருக்கின்றன, அதன் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். நான் முதன்முதலில் வாங்கிய செமி-ஹாலோ செர்ரி சிவப்பு. நிறத்தில் மயங்கி, ஜாக்கின் நட் லேசாக ஆடியதைக் கண்டும் காணாமல் வாங்கினேன். மூன்றாவது வாரம் கேபிளைச் சொருகும்போது "டொக்" என்று ஜாக் உள்ளே விழுந்தது. குலுக்கினால் உண்டியல் மாதிரி சத்தம். எஃப் துளையில் இரண்டு விரல்தான் நுழையும், அதுவும் கணு வரை. கடைசியில் ஜாக் துளை வழியாக ஒரு நூலை உள்ளே விட்டு, டார்ச் வெளிச்சத்தில் இடுக்கியால் எஃப் துளைக்கு இழுத்து, ஜாக்கின் கழுத்தில் கட்டி, மறுபடி துளை வழியாக மெதுவாக வெளியே கொண்டுவந்து நட்டை மாட்டுவதற்குள் இரவு ஒரு மணி. இடையில் ஒரு ஒயர் அறுந்து, அதைப் பற்றவைக்க எல்லாவற்றையும் திரும்ப வெளியே எடுத்தது தனிக்கதை. இன்றைக்கும் யாராவது "செமி-ஹாலோவுக்கு பிக்அப் மாற்றித் தர முடியுமா" என்று கேட்டால் சாலிட்-பாடியைவிட இரண்டு மடங்கு நேரம் சொல்கிறேன், அதையும் தாண்டுகிறது.

அதனால் இந்த வகையில் மட்டும் எலக்ட்ரானிக்ஸைக் கறாராகச் சோதியுங்கள். ஆம்ப்பில் சொருகி, ஒவ்வொரு குமிழையும் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். லேசான கரகரப்பு இரண்டு மூன்று தடவை திருப்பினால் போய்விடும், அது வெறும் தூசி. ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒலி அறுந்து அறுந்து வந்தால் அந்தக் குமிழ் போய்விட்டது. ஸ்விட்சை மூன்று நிலையிலும் வேகமாகத் தட்டிப் பாருங்கள். கேபிளை ஜாக்கில் லேசாக ஆட்டிப் பாருங்கள். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைய வேண்டும், தொட்டதும் கூடினால் எர்த் இணைப்பு சரியில்லை. அப்புறம், நடு நிலையில் இரண்டு பிக்அப்பும் ஒலிக்கும்போது ஒரு வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனால் முழுச் சத்தமும் நின்றுவிடும். இதைப் பழுது என்று நினைத்துக் கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். கிப்ஸன் பாணி வயரிங் அப்படித்தான், பழுது இல்லை.

ஆம்ப் விஷயத்தில் கடைக்காரர் ஆசையாக எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் கடையிலேயே விலை உயர்ந்த ட்யூப் ஆம்ப்பாக இருக்கும். அதில் எதைச் சொருகினாலும் தேனாக ஒலிக்கும். உங்களிடம் வீட்டில் இருப்பதைப் போன்ற ஆம்ப்பைக் கேளுங்கள், ரிவெர்ப் உட்பட எல்லா எஃபெக்டையும் அணைத்துவிட்டு, ஈக்யூவை (பேஸ், ட்ரெபிள் போன்ற குமிழ்கள்) நடுவில் வையுங்கள். முடிந்தால் உங்கள் சாலிட்-பாடியையும் எடுத்துப்போய் மாறி மாறிச் சொருகுங்கள். காதின் ஞாபகசக்தி மோசமானது, ஐந்து நிமிடத்துக்கு முன் கேட்டதைக்கூடச் சரியாக வைத்திருக்காது. முதலில் கழுத்துப் பக்க பிக்அப்பில், டோனைப் பாதிக்குக் குறைத்து, நீங்கள் இப்போது பழகும் ஜாஸ் கார்டுகளை வாசியுங்கள். நாலு சுரமும் தனித்தனியாகக் காதில் விழுகின்றனவா, இல்லை கம்பளியில் சுற்றிய மாதிரி ஒரே கும்மாக வருகிறதா? குறைந்த விலை ஹம்பக்கர்களின் (இரட்டைச் சுருள் பிக்அப்) பெரிய பலவீனம் இங்கேதான் தெரியும். ஆனால் உடனே கைகழுவ வேண்டாம். பிக்அப் கம்பிக்கு மிக அருகில் இருந்தாலும் இப்படி ஆகும். வளையத்தின் பக்கவாட்டு ஸ்க்ரூவைத் திருப்பித் தடித்த கம்பிப் பக்கம் ஒரு மில்லிமீட்டர் இறக்கச் சொல்லி மறுபடி கேளுங்கள். தெளிந்துவிட்டால் பிக்அப் நல்லதுதான், உயரம்தான் தப்பு. பிறகு நடு நிலை. என் கருத்தில் செமி-ஹாலோவின் உயிரே அங்கேதான் இருக்கிறது. இரண்டு வால்யூமையும் முன்னே பின்னே நகர்த்தி, ஒரு மணி அடித்தாற்போன்ற இடம் கிடைக்கிறதா என்று தேடுங்கள்.

ராக் வாசிப்பீர்கள் என்பதால் ஊளையைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி கிட்டாரின் மேல்பலகையையும் உள்ளே உள்ள காற்றையும் அசைக்கிறது, அது கம்பியை அசைக்கிறது, பிக்அப் அதை எடுத்து மறுபடி ஆம்ப்புக்கு அனுப்புகிறது. இப்படிச் சுற்றிச் சுற்றிப் பெருகுவதுதான் ஃபீட்பேக். நடுக்கட்டை இதைக் குறைக்கும், ஒழிக்காது. கடையில் நீங்கள் உண்மையில் வாசிக்கும் அளவு டிரைவையும் சத்தத்தையும் வைத்து, ஆம்ப்பிலிருந்து ஒன்றரை மீட்டரில் நின்று, கையால் கம்பிகளை அடக்காமல் விட்டுப் பாருங்கள். அடித்தொண்டையில் "ஊ" என்று எழும்பினால் அது பெட்டியின் குணம். சற்றுத் திரும்பி நின்றால், பேஸைக் குறைத்தால் அடங்கும். பழகினால் அதையே வாத்தியமாகப் பயன்படுத்தலாம். எஃப் துளையை ஸ்பஞ்சால் அடைப்பதும் வழக்கத்தில் உள்ளதுதான். ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங்குக்காக 1980இல் கிப்ஸன் செய்த லூசில் கிட்டாரில் எஃப் துளையே வைக்கவில்லை. மாறாக, கம்பிகளை உள்ளங்கையால் முழுவதும் மூடிய பிறகும் "க்வீ" என்று கீச்சுக்குரல் நின்றுகொண்டே இருந்தால் அது பிக்அப்புக்குள் கம்பிச்சுருள் தளர்ந்திருப்பதன் அறிகுறி. திரும்பி நின்றாலும் அது அடங்காது. பிக்அப்பை மாற்ற வேண்டியிருக்கும், மாற்றுவது என்ன பாடு என்றுதான் மேலே புலம்பியிருக்கிறேனே.

இதுவரை சொன்னதெல்லாம் தொட்டுப் பார்த்து உறுதிசெய்துகொள்ளக் கூடியவை. இனி வருவது அப்படி இல்லை. "மரத்தின் வாசனை வீசும் ஒலி", "செமி-ஹாலோவுக்கே உரிய காற்றோட்டம்" என்றெல்லாம் படித்திருப்பீர்கள். ஆம்ப் இல்லாமல் வாசிக்கும்போது வித்தியாசம் கண்கூடு. ஆம்ப் வழியாகக் கேட்கும்போது, அதே பிக்அப், அதே கம்பி போட்ட சாலிட்-பாடியிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்கும் என்பதில் வாசிப்பவர்களிடையே சண்டை ஓயவில்லை. என் அனுபவத்தில், சுரம் பிறக்கும் அந்த முதல் நொடியில் ஒரு மென்மை இருக்கிறது, குறைந்த டிரைவில் அது நன்றாகத் தெரியும், டிரைவ் ஏற ஏறக் கரைந்துவிடும். கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டால் நான் ஒவ்வொரு முறையும் சரியாகச் சொல்வேன் என்று பந்தயம் கட்ட மாட்டேன். ஆனால் இன்னொன்று உண்டு, மடியில் வைத்து வாசிக்கும்போது விலாவில் உணரும் அதிர்வு. அது ஆம்ப்புக்குப் போவதில்லை, கேட்பவருக்கும் தெரியாது, இருந்தாலும் நாம் வாசிக்கும் விதத்தை மாற்றிவிடுகிறது. நான் செமி-ஹாலோவை எடுத்தால் குறைவான சுரங்கள் வாசிக்கிறேன். இதை எந்த அளவுகோலாலும் நிரூபிக்க முடியாது, உங்களுக்கு அப்படி நடக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதனால்தான் நேரில் போய் வாசிக்கச் சொல்கிறேன்.

உடம்புக்குப் பொருந்துகிறதா என்பதை எல்லோரும் கடைசி நிமிடத்துக்குத் தள்ளுகிறார்கள். 335 அளவு பாடி 16 அங்குல அகலம், சுமார் 40 சென்டிமீட்டர். சாலிட்-பாடியில் பழகியவருக்கு வலது தோள் தூக்கிக்கொண்டு நிற்கும், உட்கார்ந்து வாசித்தால் மேல் விளிம்பு முன்கையில் அழுத்தும். பத்து நிமிடம் உட்கார்ந்தும் பத்து நிமிடம் ஸ்ட்ராப் மாட்டி நின்றும் வாசித்துவிட்டு வாருங்கள். பல மாடல்களில் ஸ்ட்ராப்பின் மேல் பட்டன் நெக்கின் அடியில், பின்பக்கம் இருப்பதால், நிற்கும்போது கிட்டாரின் முகம் வானத்தைப் பார்க்கச் சாயும். சிலருக்குப் பழகிவிடும். தோள் வலித்தால் சிறிய பாடியில் வரும் செமி-ஹாலோக்களைக் கேளுங்கள்.

மாடல்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2002இல் தொடங்கிய ஐபனேஸ் ஆர்ட்கோர் வரிசையில் ஏஎஸ் என்று தொடங்குபவை செமி-ஹாலோ, ஏஎஃப் என்று தொடங்குபவை முழு ஹாலோ. கடையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், எழுத்தைப் பார்த்து எடுங்கள். கிரெட்ச் 2016இல் கொண்டுவந்த ஸ்ட்ரீம்லைனர் வரிசையிலும் ஜி2622இல் நடுக்கட்டை உண்டு, ஜி2420இல் கிடையாது. எபிஃபோனை 1957இல் கிப்ஸனே வாங்கிவிட்டதால், 335 வடிவத்தை அதே பேரோடு குறைந்த விலையில் விற்க உரிமை உள்ள இடம் அதுதான். இந்த மூன்றிலும் நல்ல பீஸும் பார்த்திருக்கிறேன், அழவைத்த பீஸும் பார்த்திருக்கிறேன். மூன்றுக்கும் மேலே சொன்ன சோதனைதான்.

எல்லாம் பார்த்தபின் நெக் நேராக, பிரிட்ஜுக்கு இரண்டு பக்கமும் இடம் இருந்து, ஃப்ரெட்கள் ஒழுங்காக, குமிழும் ஜாக்கும் சத்தமில்லாமல் இருந்தால், ஆக்‌ஷன் உயரமாக இருக்கிறது, கம்பி துருப்பிடித்திருக்கிறது, பிக்கார்டு நடுங்குகிறது என்ற காரணங்களுக்காக விட்டுவிடாதீர்கள். அவற்றைக் காட்டி விலையைக் குறைக்கலாம், அல்லது புதுக் கம்பியும் செட்டப்பும் சேர்த்துக் கேட்கலாம். நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் கேட்பேன், அவர்கள் செட்டப் செய்து முடித்தபின் மறுபடி ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பேன். பையையும் கேட்டுவிடுங்கள். வீட்டில் இருக்கும் சாலிட்-பாடி பைக்குள் இது நுழையாது. நான் அந்தச் செர்ரி சிவப்பை பெட்ஷீட்டில் சுற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.